கரைக்காமல் கொடுத்த மருந்து

எண்பதுகளின் தொடக்கம். ஓணம் முடிந்து மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த மாதம். கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு நான் குடிவந்து நாலே மாதம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு யூதர்கள் தெருவான ஜூ டவுன் பக்கம் ஒரு சரக்குக் குடோனில் வேலை. மிளகு, சுக்கு, ஏலம் என்று மூடை மூடையாக எடை பார்த்து ஏற்றி அனுப்ப வேண்டும். கல்யாணமாகி ஆறு வருஷமும் அவர் இங்கே, நான் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் என்றுதான் ஓடியது. மகளுக்காகத்தான் கடைசியில் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

மகளுக்கு அப்போது நாலு வயசு. பிறக்கும்போதே மேலுதடு பிளந்து, உள்ளே அண்ணத்திலும் ஓட்டை. உதட்டை ஒன்றரை வயசில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். அண்ணம் பாக்கி. அதனால் பேசும்போது காற்றெல்லாம் மூக்கு வழியாகப் போய்விடும். ‘ப’ வராது, ‘க’ வராது, ‘ட’ வராது. ‘அப்பா’ என்று சொல்ல வாயெடுத்தால் ‘அம்மா’ என்றுதான் வந்து விழும். என்னையும் அம்மா என்பாள், அவரையும் அம்மா என்பாள். அவர் சிரித்துக்கொண்டே, “எனக்கும் சேலை ஒண்ணு எடுத்துக் குடுத்துரு” என்பார். சிரிப்பார், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? பெற்ற பிள்ளை ஒரு தடவை அப்பா என்று கூப்பிட வேண்டும் என்று அந்த மனுஷன் ஏங்கிக்கிடந்தார்.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. சாயங்காலம் குடோனிலிருந்து வந்ததும் வாசல்படியில் உட்காருவார். இவள் கண்ணை மூடிக்கொண்டு அவர் சட்டையில் மூக்கை வைத்து நன்றாக இழுத்து மோந்து, அன்றைக்கு என்ன சரக்கு என்று சொல்ல வேண்டும். மிளகும் சுக்கும் அவள் வாயில் என்னென்னவோ ஆகும். ஏலம் ஒன்றுதான் சுத்தமாக வரும். அதனால் என்ன வாடை அடித்தாலும் பாதி நாள் “ஏலம்” என்றே சொல்லிவிடுவாள். கள்ளி!

அந்த முதல் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னால்தான் மிச்சம் புரியும். அன்றைக்குப் பிள்ளைக்குத் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். அது வீறிட்டு அழுதது. ஊசி வேலை செய்ததோ செய்யவில்லையோ, தியேட்டர் வாசலில் முழு முழிப்போடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் கையைப் பிரிக்க, பிய்த்துத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். கதவு மூடியபிறகு பார்த்தால் ஒரு கொலுசு என் கையில் இருந்தது. உள்ளே முகமூடியை அமுக்கி மயக்கம் கொடுத்திருக்கிறார்கள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, குறையே சொல்ல முடியாது. ஆனால் கண் விழித்தவள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பது நாள் என்னிடம் வரவில்லை. அதற்கப்புறமும் வெள்ளைத் துணியைக் கண்டால் அலறுவாள், ஸ்பிரிட் வாடை அடித்தால் ஓடி ஒளிவாள். அண்ணத்தைத் தைத்தால் பேச்சு வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கோ, பேச்சு வந்து, பிள்ளை என்னை ஒரேயடியாக வெறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

மட்டாஞ்சேரியிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வார்டில் ஜன்னலைத் திறந்தால் சுக்கு வாடை வரும், படகுச் சத்தம் கேட்கும். இந்த ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் எறணாகுளத்திலிருந்து மாதம் ஒரு நாள் படகில் வருவார். ஏற்கெனவே இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் பிள்ளைக்குச் சளி பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது. இதையும் விட்டால் அடுத்த மழை தொடங்கிவிடும், மறுபடியும் சளி, மறுபடியும் காத்திருப்பு. வயசு ஏற ஏறப் பேச்சு திருந்துவது கஷ்டம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். இவர் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுச் சேச்சி நல்ல மனுஷி. “ஞான் கூடெ வராம். அவிடெ எல்லாரும் மலயாளமல்லே, நினக்கு மனசிலாகுமோ?” என்று கேட்டாள். அவர்கள் பேசுவது எனக்குப் புரியுமா என்று அவளுக்குக் கவலை. நான்தான், “அதெல்லாம் எனக்குத் தெரியும் சேச்சி, வேண்டாம்” என்று பெரிய இவள் மாதிரி சொல்லிவிட்டேன். என்ன மிதப்பு தெரியுமா? வந்த புதிதில் குழாயடியில் “வெள்ளம் வேணோ?” என்று கேட்டவளிடம் வெல்லம் வாங்கச் சின்னக் கிண்ணத்தை நீட்டி, தெருவே சிரித்திருந்தது. அதற்கப்புறம் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று கற்றுக்கொண்டேன். மலையாளம் முழுக்கக் கற்றுவிட்ட நினைப்பு வந்துவிட்டது. தமிழைக் கொஞ்சம் மூக்கால் பேசினால் மலையாளம், இவ்வளவுதானே என்று இவரிடமே சொன்னவள் நான்.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயசு கூடுதலாக இருந்தால் அதிகம். முதல் நாள் சாயங்காலமே வந்து கட்டிலில் உட்கார்ந்து, கால் தமிழும் முக்கால் மலையாளமுமாக எல்லாம் விளக்கினார். சின்னப் பிள்ளைகளுக்கு ஊசியை அவர் விட்டுவிட்டாராம். அதற்குப் பதில் குடிக்கிற மருந்து. சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. எதைக் குடித்த பிள்ளை பயமில்லாமல் தியேட்டருக்கு வருகிறது, எதைக் குடித்தது தொந்தரவில்லாமல் கண் விழிக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நீள நோட்டில் எழுதிவருகிறார். பக்கத்துக் கட்டில் பையன் குடலிறக்கத்துக்கு வந்தவன், சிவப்பைக் குடித்துவிட்டு ஆபரேஷன் முடிந்து சாயங்காலம்வரை அடித்துப்போட்டது போலத் தூங்கி, அவன் அம்மாவைப் பதற வைத்துவிட்டான். ஜன்னலோரத்துப் பிள்ளைக்கு மஞ்சள். அது கடுங்கசப்பாம், ஆனால் சீக்கிரம் வேலை செய்யுமாம். அந்தப் பிள்ளை எழுந்ததும் ஒரு மணி நேரம் காரணமில்லாமல் சிரித்து, காரணமில்லாமல் அழுதது.

“அப்போ எது நல்லது டாக்டர்?” என்று கேட்டேன்.

“அதல்லே சேச்சி, ஞானும் நோக்குந்நது” என்று சிரித்தார். அதைத்தானே அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்! என் மகளுக்கு மஞ்சள் கொடுக்கலாமா, சம்மதமா என்று கேட்டார். ஊசி இல்லை என்றதுமே எனக்குச் சம்மதம்தான்.

மறுநாள் காலை. பிள்ளை வெறும் வயிறு. சிஸ்டர் ஒரு சின்ன அவுன்ஸ் கிளாஸில் மஞ்சள் மருந்தும், பக்கத்தில் ஒரு டம்ளரில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். வெள்ளை உடுப்பைக் கண்டதும் இவள் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அதனால் என்னையே கொடுக்கச் சொன்னார். “சேச்சி கொடுத்தோளூ. கரயிக்காதெ கொடுக்கணம், கேட்டோ” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கரைக்காமல் கொடுக்கணும். அதாவது தண்ணீர் கலக்காமல் அப்படியே கொடுக்க வேண்டும். எனக்குப் புரியாதா என்ன? சர்க்கரைத் தண்ணீர் கசப்புக்குப் பின்னால் குடிக்க என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், மடியில் மல்லாத்திப் போட்டு, அப்படியே வாயில் ஊற்றினேன்.

ஐயோ, அந்தக் கசப்பு! பிள்ளை ஒரு துள்ளு துள்ளியது. பாதி மூக்கு வழியாக வந்தது, பாதியை என் மேலும் தன் கவுன் மேலுமாகத் துப்பியது, அப்புறம் ஓவென்று ஒரே அழுகை. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, கடவுளுக்குத்தான் வெளிச்சம். சிஸ்டர் அந்தக் கோடியில் யாருக்கோ கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நாள் தள்ளிப்போகும் என்று பயந்தேன். இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு மருந்து கொடுக்கத் தெரியவில்லை என்பார்களே என்ற வெட்கமும்தான். பிள்ளை முகத்தைத் துடைத்து, சர்க்கரைத் தண்ணீரை இரண்டு வாய் கொடுத்து அடக்கி, கவுனில் இருந்த மஞ்சள் கறை தெரியாமல் ஒரு துண்டைக் கழுத்துவரை போர்த்திவிட்டேன்.

அரைமணி நேரம் கழித்து டாக்டர் நோட்டோடு வந்தார். பிள்ளை லேசாகக் கண் சொருகினாலும் முழித்துக்கொண்டுதான் இருந்தது. பேனாவைத் திறந்துகொண்டு, “மருந்நு கொடுத்தப்போ கரஞ்ஞோ?” என்று கேட்டார்.

கரைத்தாயா என்று கேட்கிறார்! நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “இல்லை டாக்டர், கொஞ்சம்கூட இல்லை” என்றேன். அவர் சந்தோஷமாக ஏதோ எழுதினார். பிள்ளை முழித்திருப்பதைப் பார்த்து, மஞ்சள் இவளுக்கு அவ்வளவாக வேலை செய்யவில்லை போலிருக்கிறதே, இன்னும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமா என்று சிஸ்டரிடம் மலையாளத்தில் யோசனை கேட்டார். ‘கொறச்சு கூடி’ என்றால் இன்னும் கொஞ்சம் என்று எனக்குத் தெரியும். குழாயடியில் தினமும் கேட்கிற வார்த்தை.  உள்ளே போனது எவ்வளவு என்று தெரியாமல், மேலே ஒரு அளவு மருந்தா?

அப்போது என் மகள் துண்டை விலக்கிவிட்டு, டாக்டரையே பார்த்து, “நும்மித்தேன்” என்றாள்.

“எந்தா மோளே?” என்று டாக்டர் குனிந்தார். “நும்மித்தேன்” என்று மறுபடியும் சொன்னாள். டாக்டருக்குப் புரியவில்லை, சிஸ்டருக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த வார்டில் அவள் பாஷை தெரிந்த ஒரே ஆள் நான். என்ன சொன்னாலும் நம்பியிருப்பார்கள். தண்ணீர் கேட்கிறாள் என்று சொல்லியிருக்கலாம், அப்பாவைக் கேட்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிள்ளை முகத்தைப் பார்த்தேன். நான் சரியாகச் சொல்லுவேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“துப்பிட்டேன்னு சொல்லுதா டாக்டர்” என்றேன். “பாதிய துப்பிட்டா. நாந்தான் மறைச்சேன்.”

டாக்டர் பேனாவை மூடினார். கறையைப் பார்த்தார். டம்ளரில் கிடந்த மிச்சச் சர்க்கரைத் தண்ணீரைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. இதில் கலக்கிக் கொடுத்திருக்கலாமே, ஏன் கலக்கவில்லை என்று மட்டும் கேட்டார். “சிஸ்டர்தான கரைக்காம குடுக்கச் சொன்னாவ?” என்றேன், கொஞ்சம் ரோஷமாகவே.

சிஸ்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ! கரயிக்காதெ எந்நா ஞான் பறஞ்ஞது!” என்று சொல்லி, இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கி, உதட்டைப் பிதுக்கி, விம்மி விம்மி அழுவதுபோல நடித்துக் காட்டினார்.

அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் கரைவது என்றால் அழுவது. பிள்ளையை அழவைக்காமல் கொடு என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளை அழுததா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். ஓவென்று அழுது ஓய்ந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘கொஞ்சம்கூட இல்லை’ என்று சாதித்திருக்கிறேன்! வார்டே சிரித்தது. குடலிறக்கத்துப் பையனின் அம்மா தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்து வீட்டுச் சேச்சியை ஏன் வேண்டாம் என்றோம் என்று என்னையே வைதுகொண்டேன்.

டாக்டர் மட்டும் சிரித்து முடித்ததும் யோசனையில் ஆழ்ந்துவிட்டார். எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாமல் இனி மருந்து கொடுக்க முடியாது, அது ஆபத்து என்றார். ஊசி என்ற பேச்சை எடுத்ததுமே இவள் கட்டிலுக்கு அடியில் இறங்கப் பார்த்தாள். வெளியே பெரிய டாக்டரின் படகு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். போச்சு, இந்த மாதமும் போச்சு என்று நான் சாமான்களைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே நிற்கிறவரிடம் என்ன முகத்தோடு போய்ச் சொல்லுவேன்?

டாக்டர் என் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தார். “சேச்சிக்கு கரயாதெ இரிக்கான் பற்றுமோ?” என்று கேட்டார். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. இருந்தாலும் நம்பிக்கையில்லாமல், நான் நடித்துக் காட்டினேன், கண்ணைக் கசக்கி. “அதுதன்னெ” என்று தலையாட்டினார். அழாமல் இருக்க முடியுமென்றால் தியேட்டருக்குள் நீயே பிள்ளையோடு வா என்றார். அழமாட்டேன் என்றேன். தாயை உள்ளே விடுகிற வழக்கம் அப்போது அங்கே கிடையாது. யாரிடமோ போய்ப் பேசி, ஒரு பச்சை அங்கியும் தொப்பியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பச்சை அங்கியில் என்னைப் பார்த்து மகளுக்கு ஒரே சிரிப்பு. பாதி மருந்து பாதியாவது வேலை செய்திருக்க வேண்டும், தோளில் சாய்ந்தபடியே வந்தாள். உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டர் கறுப்பு ரப்பர் முகமூடியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அவள் உடம்பு விறைத்தது, விரல்கள் என் கழுத்தைப் பற்றின. அதே பிடி. எனக்கு அந்தக் கொலுசு ஞாபகம் வந்தது. அழமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே! முகமூடியிலிருந்து லேசாக ஒரு இனிப்பு வாடை வந்தது. பழைய ஆஸ்பத்திரி மருந்துபோல மூக்கைத் துளைக்கவில்லை. எங்கிருந்து தோன்றியதோ, அவள் காதில் சொன்னேன்: “ஏ பிள்ளே, கண்ணை மூடிக்கோ. அப்பா இன்னைக்கு என்ன மூடை ஏத்துனாவன்னு மோந்து பார்த்துச் சொல்லு பாப்போம்.”

பிடி கொஞ்சம் தளர்ந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். டாக்டருக்கு நான் சொன்னது புரிந்ததோ இல்லையோ, முகமூடியை மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்தார். இவள் தானே முகத்தை முன்னால் நீட்டி, அப்பா சட்டையை மோப்பதுபோல ஒரு நீள இழுப்பு இழுத்தாள். இன்னொன்று. மூன்றாவது இழுப்பில், முகமூடிக்குள்ளிருந்து, தூக்கக் குரலில், “ஏலம்” என்றாள்.

அவ்வளவுதான். கை என் கழுத்திலிருந்து தானாக நழுவியது. யாரும் பிரிக்கவில்லை. டாக்டர் அவளை வாங்கிக்கொண்டு, எனக்குக் கதவைக் காட்டினார். கதவுக்கு வெளியே வந்த மறுநொடி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன் பாருங்கள், நாலு வருஷத்து அழுகை. தாழ்வாரம் முழுக்கக் கேட்டிருக்கும்.

மத்தியானம் கண் விழித்தாள். வாயெல்லாம் வலி, முகம் வீங்கியிருந்தது. நான் பக்கத்தில் போகவே பயந்துகொண்டு காலடியில் நின்றேன். அவள் தலையைத் திருப்பித் தேடி, என்னைக் கண்டுபிடித்து, கையை நீட்டினாள். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மறுநாள் டாக்டர் அந்த நோட்டைத் திறந்து காட்டினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இங்கிலீஷில் எழுதியிருந்தார். என் மகளுடைய வரியில், மஞ்சள் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தார். எனக்குப் படிக்கத் தெரியாது. அவரே விரலை வைத்து வாசித்தார்: “மருந்நு: அம்ம. குட்டி கரஞ்ஞில்ல. அம்ம கரஞ்ஞு.” பிள்ளை அழவில்லை, அம்மா அழுதாள். அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “அதுக்குன்னு நோட்டுல எழுதணுமா டாக்டர்?” என்று சிணுங்கினேன். எழுதத்தான் வேண்டும், நடந்தது நடந்தபடி எழுதினால்தான் அடுத்த பிள்ளைக்கு உதவும் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். துண்டைப் போட்டு மறைத்தவளுக்கு அது சுருக்கென்றது.

அதற்கப்புறம் நாலைந்து மாதம். பேச்சுப் பயிற்சி என்று பஞ்சுத் துண்டை ஊதச் சொன்னார்கள், காகிதப் படகை ஊதச் சொன்னார்கள். வீடு முழுக்கப் பஞ்சு பறந்தது. ஒரு நாள் சாயங்காலம் இவர் குடோனிலிருந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். அவள் வழக்கம்போல மூக்கை வைத்து இழுத்துவிட்டு, “சுக்கு” என்றாள். சுத்தமான சுக்கு. இவர் ஆச்சரியப்பட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள், அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “சுக்குதானே அப்பா?” என்றாள்.

அவர் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். நான் பின்னாலேயே போய், “கரஞ்ஞோ?” என்று கேட்டேன். “போடி, சுக்குத் தூசி கண்ணுல விழுந்துட்டு” என்றார்.

அந்த மகள் இப்போது எறணாகுளத்துத் தேவராவில் குடியிருக்கிறாள், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுவாள். நானும் மலையாளம் பேசக் கற்றுவிட்டேன். ஆனாலும் ‘அம்ம கரஞ்ஞு’ என்ற அந்த வரி ஞாபகம் வரும்போதெல்லாம் அதைத் தமிழாகவும், ‘அம்மா கரைந்தாள்’ என்று, ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அழுதது ஒரு பொழுதுதான், பயமும் மிதப்பும் ஒளிவுமறைவுமாக இருந்த ஒருத்தி அந்தக் கதவுக்கு வெளியே கரைந்துபோனது இன்றுவரைக்கும் உண்மை.